விலங்குச் சுழி

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எங்கள் மிட்டாதாரின் பந்தயக் குதிரைகளைப் பழக்கியவரைப் போல இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. அவரைப் போய் கவனக்குறைவானவர் என்றார்கள்!

நான் அப்போது பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், அந்தப் பக்கத்து ஜமீன்தாரான மிட்டாதாரின் பங்களாவில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. விடிந்ததும் பழக்குபவர் குதிரைகளைக் காவிரி மணலுக்கு ஓட்டிப் போவார். சாட்டை என்ற சாமானே அவரிடம் கிடையாது. குதிரையிடம் வாங்க, போங்க என்றுதான் பேச்சு. "ஏனுங்க, காலைத் தூக்குங்க, லாடம் பாக்கோணும்" என்பார், அதுவும் தூக்கும். மிட்டாதாரிடம்கூட அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஊறவைத்த கொள்ளைத் தான் ஒரு வாய் மென்று பார்த்த பிறகே குதிரைக்கு வைப்பார். பல்லில் கல் பட்டால் ஊறவைத்த ஆளுக்கு அன்று மண்டகப்படிதான்.

அந்த வருஷம் ஒரு செவலைக் குதிரை சென்னைப் பந்தயத்துக்குத் தயாராக இருந்தது. புறப்பட நாலு நாள் இருக்கும்போது மிட்டாதாரின் மைத்துனர் வந்து சேர்ந்தார். மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பதில் பெரிய புலியாம். குதிரையின் பின்னங்காலில், குளம்புக்கு மேலே மயிர் சுழித்திருந்ததைக் காட்டி, "மச்சான், இது வெலங்குச் சுழிங்க. வெச்சிருக்கறவன் கையில வெலங்கு விழும்" என்றார். நில வழக்கு ஒன்றில் மாட்டியிருந்த மிட்டாதாருக்குக் கிலி பிடித்துவிட்டது. சூடு போட்டுச் சுழியை அழிக்கச் சொன்னார்.

"ஓடறது காலுங்க, சுழி இல்லீங்க. சூடு போட்டே ஆகோணும்னா என்ற கையில போடுங்க" என்று பழக்குபவர் லாயத்து வாசலில் நின்றுவிட்டார்.

மிட்டாதார் சிரித்துக்கொண்டே சரி என்றார். மறுநாள், ரயிலில் குதிரைப் பெட்டிக்குச் சொல்லிவர அவரைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டு, நாலு பேரை விட்டுக் குதிரையைக் கட்டிப்போட்டுச் சூடு போட்டார்கள். அது கத்திய கத்தல் என் மேஜை வரை கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

கால் வீங்கிவிட்டது. பந்தயம் போயிற்று. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே பாவம், குதிரை ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் மனுஷன் செய்தது. பழக்குபவரின் கவனக்குறைவால் குதிரையின் கால் கெட்டது, அவரை நீக்கிவிட்டோம் என்று பந்தயம் நடத்துகிறவர்களுக்கு எழுதச் சொன்னார் மிட்டாதார். அந்தக் கடிதம் போனால் எந்த லாயத்திலும் அவரைச் சேர்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். என்ன பிழைப்பு இது! மிட்டாதாரை இவ்வளவு திட்டுகிறேனே, அவருக்கு இங்கிலீஷில் ஒரு வரி எழுத வராது.

அன்று சாயங்காலம் பழக்குபவர் துணி மூட்டையோடு என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"அவங்க என்னமோ சொல்லட்டுங்க. காயிதம் எழுதறது நீங்களாச்சே. நடந்ததைத்தானுங்க எழுதியிருப்பீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.