சாமுவேல் கடக்க முடியாத சந்தை

செவ்வந்தி செய்த முதல் கணினி விளையாட்டில் ஒரு தோட்டத்து வீடு, ஒரு காவல்காரர், ஒரு நாய், அவ்வளவுதான். பண்ணையார் பிடித்துக்கொண்டு போன தன் வெள்ளாட்டை ஒரு சிறுமி யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய் மீட்டு வரவேண்டும். சண்டை கிடையாது. மாட்டிக்கொண்டால் திரும்பவும் வேலியிலிருந்து தொடங்கவேண்டியதுதான். ‘பூனைநடை’ என்று பெயர் வைத்திருந்தாள்.

காரமடைப் பெண். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்த தீபக்கோடு சேர்ந்து விடுமுறை நாட்களில் செய்தது அது. இருவருக்கும் படம் வரைய வராது. அதனால் திரையைப் பெரும்பாலும் இருட்டாகவே விட்டுவிட்டு, செவ்வந்தி சத்தத்தில் மெனக்கெட்டாள். காய்ந்த தென்னைமட்டையில் கால் பட்டால் ஒரு சத்தம், ஈரமண்ணில் வேறு சத்தம். காவல்காரர் திரும்பும் முன் அவர் செருப்பு லேசாகத் தேயும்.

விளையாட்டு அவர்கள் நினைத்ததைவிட நன்றாக ஓடியது. இருவரும் வேலையை விட்டுவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் மருத்துவரின் மாடியில் அறை பிடித்து, இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார்கள்.

இந்த முறை ஓர் ஊரையே கட்டினார்கள். வாரச்சந்தை, ரயில் நிலையம், மழை எல்லாம் இருந்தன. காவலர்கள் ஒருமுறை பார்த்த முகத்தை மறக்கமாட்டார்கள். தாவணியை மாற்றிக்கொண்டு கூட்டத்தில் கலந்தால்தான் தப்பலாம். ஒரே இடத்துக்குப் பல வழிகள். படம் வரைய மூன்று பேரை வைத்துக்கொண்டும் சில வருடங்கள் பிடித்தன.

வெளிவந்ததும் ஆட்டக்காரர்கள் இரு கட்சியானார்கள். இப்படியொன்றைத் தமிழில் பார்த்ததே இல்லை என்றார்கள் சிலர். முதல் பாகம் கைக்கு அடக்கமாக இருந்தது, இதில் எங்கே போவதென்றே தெரியவில்லை என்றார்கள் மற்றவர்கள். செவ்வந்தி எல்லாவற்றையும் படித்தாள். யாருக்கும் பதில் எழுதவில்லை.

பிறகு ஒரு குரல்பதிவு வந்தது.

“வணக்கமுங்க. என்ர பேரு சாமுவேல். கோபியில பேங்க்ல வேலை. எனக்குக் கண்ணு தெரியாதுங்க. பூனைநடை மொதப் பாகத்தைப் பல தடவை முடிச்சுப்போட்டேன். ரெண்டாவதுல சந்தையத் தாண்ட முடியலீங்க. வழி இருந்தாச் சொல்லுங்க.”

அவள் அதை இரண்டாவது முறை கேட்டாள். மறுநாள் கோபிசெட்டிபாளையத்துக்குப் பஸ் ஏறினாள்.

சாமுவேலுக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய மனைவி பொற்கொடி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “இவருகிட்ட மாட்டிக்கிட்டீங்க. இனி ராத்திரிச் சோத்துக்குத்தான் எந்திரிப்பாரு” என்றாள்.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாகத்தைத் தொடங்கினார். தலையை லேசாகச் சாய்த்தபடி சிறுமியை வேலியோரமாக நடத்தி, நாயைச் சுற்றிக்கொண்டு, ஆட்டை அவிழ்த்து வெளியே கொண்டுவந்தார். எங்கும் அவசரப்படவில்லை. தான் செய்த விளையாட்டை இன்னொருவர் இத்தனை அழகாக ஆடி செவ்வந்தி பார்த்ததில்லை.

பின் இரண்டாம் பாகம். சந்தைக்குள் நுழைந்ததும் பிடிபட்டார். திரும்ப நுழைந்தார். திரும்பவும் பிடிபட்டார்.

“நான் ஒருக்கா போடட்டுங்களா?” என்று ஹெட்போனை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள் செவ்வந்தி. சந்தை ஒரே இரைச்சலாக இருந்தது. எங்கோ பதிவு செய்த கூட்டச் சத்தத்தை வாங்கி அப்படியே ஒட்டியிருந்தார்கள். அவளுமே நாலு எட்டு வைப்பதற்குள் பிடிபட்டாள்.

“மொதப் பாகம் மாதிரியே பண்ணியிருக்கணுங்க” என்றாள் தணிந்த குரலில்.

“அதெப்படிங்க? அதேதான்னா அதையே வெளையாடிக்கிறேனே. எனக்குச் சந்தைக்குள்ள போகோணுங்க.”

மாடி அறைக்குத் திரும்பி தீபக்கிடம் சொன்னாள். அவன் யோசித்தான்.

“கண்ணு தெரியாதவங்களுக்குன்னு நாம பண்ணலையே, செவ்வந்தி. மொதப் பாகம்கூட தெரியாமத்தான் அப்படி அமைஞ்சுது.”

“தெரியாமப் பண்ணுனது நல்லா வந்துச்சுல்ல. தெரிஞ்சு பண்ணுனாக் கெட்டா போயிரும்?”

அவன் சிரித்துவிட்டான்.

செவ்வந்தி ஒலிப்பதிவுக் கருவியோடு காரமடைச் சந்தைக்குப் போனாள். கரும்புச்சாறு இயந்திரத்தின் சலங்கை, பொரி அளக்கும் படி, தராசுத் தட்டு இறங்கும் சத்தம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிந்தாள். தக்காளி விற்ற வள்ளியாத்தாள், “எதுக்குங்க கண்ணு இதெல்லாம்?” என்று கேட்டார். வழி சொல்வதற்கு என்றாள். “என்ர சத்தம் வழி சொல்லுமா?” என்றவர், வழக்கத்தைவிட உரக்கக் கூவிக் காட்டினார்.

ஒவ்வொரு கடைக்கும் அதனதன் சத்தத்தை அதனதன் இடத்தில் வைத்து முடிக்கச் சில மாதங்களாயின. புதுப்பித்த பதிப்பு வந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. இரு கட்சிகளும் அப்படியே இருந்தன. சந்தையில் சத்தம் அதிகமாகிவிட்டது என்று ஒருவர் குறைகூட எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமுவேல் கூப்பிட்டார்.

“ஏனுங்க, சந்தையத் தாண்டிப்போட்டேன். தக்காளிக்காரம்மா கிட்டயே போயி எடது பக்கம் ஒதுங்குனேன். காவல்காரன் பக்கத்துலயே நின்னானுங்க.”

செவ்வந்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கண் கலங்கியது, குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

“இப்பச் சொல்லுங்க. எது நல்லாருக்குது, மொதப் பாகமா, ரெண்டாவதா?”

“மொததுதாங்க” என்றார் தயங்காமல். “இதுல இன்னும் நெறைய வேலை கெடக்குது. ஸ்டேஷன்ல படிக்கட்டு எங்கிருக்குதுன்னே புடிபடலீங்க.”

“நாங்க பாக்குறோங்க.”

“பாருங்க. நான் இன்னொருக்கா போட்டுப் பாக்குறேன்” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் செவ்வந்தியும் தீபக்கும் ரயில் நிலையத்தைத் திருத்த உட்கார்ந்தார்கள்.