ஹார்ட் டிஸ்குக்கு வைத்த சந்தனப் பொட்டு

மயிலாப்பூர் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் பழுதானதும், அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் புத்தகங்களின் மேல் வைத்தேன். அக்காவின் பிஎச்.டி. ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருந்தது. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும்.

சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள் காலை, அதைப் புதுக் கம்ப்யூட்டரில் பொருத்தினேன். அப்படியொரு டிஸ்க் இருப்பதாகவே திரை காட்டவில்லை.

"அஞ்சு வருஷ உழைப்புடி!" என்றாள் அக்கா.

மின்சாரம், கேபிள் என வரிசையாகச் சோதித்தேன். கடைசியில், டிஸ்கின் இணைப்பு ஊசிகளுக்கிடையே காய்ந்த சந்தனம் தெரிந்தது.

"புஸ்தகத்தோட அதுவும் பூஜைக்கு வந்தது. பொட்டு வெக்காம விடுவேனா?" என்றாள் அம்மா.

ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். டிஸ்க் திரையில் தெரிந்தது. ஆனால் உள்ளே 'டக், டக்' என்ற சத்தம் கூடிக்கொண்டே போனது. அவசரமாக அத்தியாயங்களை ஒவ்வொன்றாக ஃப்ளாப்பித் தட்டுகளில் நகலெடுத்தேன். கடைசி அத்தியாயம் ஃப்ளாப்பியில் ஏறிய சில நொடிகளில் சத்தம் நின்றது. டிஸ்க் மறுபடி ஓடவேயில்லை.

இப்போது எதையும் இரண்டு பிரதி எடுத்து, அலமாரியில் பூட்டிவைக்கிறேன். பூஜைக்கு அம்மாவிடம் ஒரு காலி ஃப்ளாப்பி கொடுத்துவிடுகிறேன்.