கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு விளக்கு

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் குறை கேட்கும் கூட்டம் நடந்தது. கூட்டம் என்றாலே ஒதுங்கிப் போகிற நான் அன்று மைக் பிடித்தேன். எனக்காக இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் தோழிக்காக.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் நாங்கள் இருவரும் பேக்கிங் வேலை பார்த்தோம். இலங்கைப் போரில் தப்பி வந்து, ஏர்போர்ட் பக்கம் உள்ள முகாமில் இருந்தவள் அவள். ஓடி வருவதற்கு முன், காய்ச்சலில் இறந்த கைக்குழந்தையை வீட்டுக் கொல்லையில் புதைத்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு விளக்கு வைத்துவிட வேண்டும், அதுதான் அவள் ஆசை. அதற்காகவே ஊர் திரும்பினாள். புறப்பட்டபோது, சமயபுரத்தில் வாங்கிய அகல் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

ஆனால் கொல்லையில் இன்னும் கண்ணிவெடிகள். சுற்றிலும் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு உதவியில் வெடிகளை அகற்றிக்கொண்டே வந்தவர்கள், பக்கத்துத் தோட்டத்தோடு நின்றுவிட்டார்களாம். உதவி வருவது நின்றுபோய்விட்டது. போனில் அழுதாள்.

"கயித்துக்கு இங்கால நிண்டுதான் விளக்கு வச்சனான் அக்கா. பிள்ளை கிடக்கிற இடம் கண்ணுக்குத் தெரியுது, கிட்டப் போகேலாது."

அதைத்தான் மைக்கில் சொன்னேன். அந்த வேலை தொடர நம் அரசும் உதவ வேண்டும் என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர், "நம்ம தெரு சாக்கடைக்கே வழியக் காணோம், நீங்க வெளிநாட்டுக் கொல்லையச் சுத்தம் பண்ணச் சொல்றீங்களேம்மா!" என்றார். மண்டபமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சாக்கடைய நானுந்தாங்க மிதிக்கிறேன். மிதிச்சா கால் கழுவிக்கலாம். அவ மிதிச்சா கழுவுறதுக்குக் காலே இருக்காதுங்க."

சிரிப்பு அடங்கியது. மேடையில் இருந்தவர் மேலே தெரிவிப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான். அடுத்தவர் தெருவிளக்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

இன்றுவரை எதுவும் நடக்கவில்லை. அதைப் போனில் அவளிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவளோ, "பரவாயில்லை அக்கா. என்ர பிள்ளைக்காக அத்தனை பேருக்கு முன்னால கதைச்சனீங்கள்தானே" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஊரே சிரிக்கட்டும், அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். பெற்ற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதற்குக்கூட ஒருத்திக்கு எங்கோ ஒரு தேசம் மனம் வைக்க வேண்டியிருக்கிறதே என்ற வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.