முப்பது குதிரையும் நூறு குதிரையும்

போன வாரம் அரியலூர் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தபோது பெரம்பலூரிலிருந்து போன் வந்தது. “அம்மா தூங்குனவங்க எந்திரிக்கல சார்” என்றார் சகாயமேரி சிஸ்டரின் மகன். காற்று பிடித்து முடித்த பிறகும் நான் வண்டியை எடுக்காமல் அங்கேயே நின்றிருந்தேன்.

உங்களில் பலருக்கு அவர் ஆஸ்பத்திரி நர்ஸ். எனக்கோ பழைய கார் வைத்திருக்கும் சிநேகிதி. ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரிடம் அவர் வாங்கிய சின்னப் பச்சைக் காருக்கு நான்கு சிலிண்டர், முப்பது குதிரைத் திறன். என் மாமனார் தந்த கறுப்பு அமெரிக்கக் காருக்கு எட்டு சிலிண்டர், நூறு குதிரைத் திறன். எது உசத்தி என்று பார்க்கும்போதெல்லாம் வாதாடுவோம். “ஒங்களுது யானைங்க சார், தீனி போட்டே ஓஞ்சு போவீங்க” என்பார். “ஒங்களுது தையல் மிஷினு சிஸ்டர்” என்பேன்.

என் மனைவி இறந்தபின் எட்டு மாதம் அந்தக் காரை நான் தொடவில்லை. விற்க முடிவு செய்து, சென்னையில் ஒருவரிடம் பேசியும் வைத்திருந்தேன். அதைக் கேள்விப்பட்டு, மாசி மாதத்து விடியலில் சிஸ்டர் தன் காரில் வந்து இறங்கினார்.

“விக்கிறதுன்னா வித்துக்குங்க. ஆனா நம்ம சண்ட தீரலியே? ஒடையார்பாளையம் வரைக்கும் மாத்தி ஓட்டிப் பாத்துருவோம்.”

சாவியைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

“அவங்க சீட்டுல யாரும் ஒக்கார மாட்டாங்க சார். நான் ஓட்டுற பக்கந்தானே ஒக்காரப் போறேன்.”

கொடுத்துவிட்டேன்.

சாலையின் இருபுறமும் முந்திரி பூத்திருந்தது. பனிக்குள் என் கார் சத்தமே இல்லாமல் மிதந்து போயிற்று. அது ஓடுவதை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. அதன் பின்கண்ணாடி வழியே தெரிந்த இடப்பக்க சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள், நான் பின்னாலேயே போகிறேன் என்று தோன்றியது. மிதியை எவ்வளவு அழுத்தியும் பச்சைக் காரால் நெருங்க முடியவில்லை. ஒரு வளைவில் என் கார் பனியில் மறைந்தபோது, “நில்லுங்க, நில்லுங்க” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

உடையார்பாளையத்தில் ஒரு புளியமரத்தடியில் சிஸ்டர் காத்திருந்தார்.

“எப்புடிங்க சார்?”

“ஏத்தத்துல மூச்சு வாங்குது. ஆனா வழியெல்லாம் பூ வாசம் உள்ள வருது.”

“ஒங்களுது நெனைக்கிறதுக்கு முன்னாடி போயி நிக்குது. போயிச் சேர்றதுக்குப் பெருசு, போறதுக்குச் சிறுசு. அவ்வளவுதாங்க.”

“திரும்பும்போது நான் என் வண்டியிலயே வரேன் சிஸ்டர்.”

சிஸ்டர் சாவியை நீட்டினார். அன்று மதியமே சென்னைக்காரரிடம், காரை விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சிஸ்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எஞ்சினை அணைத்ததும் இறங்கமாட்டார். சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறுவதைக் கேட்டுக்கொண்டு, “ஓடுனது ஆறட்டும்” என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். சிஸ்டரின் சொந்த ஊரான வரதராஜன்பேட்டையில் அடக்கம் முடிந்து வீடு வந்தும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு சிலிண்டர் ஆறக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது.