வலென்சியாவில் ஒரு வெள்ளிக்கிழமை

வலென்சியாக் கடற்கரைக் கடைகள் ஒன்றும் என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "இதெல்லாம் எங்களை மாதிரி வாறவைக்குச் சமைக்கிறது. ஊர்ச்சனம் சாப்பிடுற இடத்தைப் பிடிப்பம்" என்று, ஒஸ்லோவிலிருந்து போய் இறங்கிய நாள் முதல் என்னைத் தெருத்தெருவாக இழுத்தார். கடைசி நாள், பால்கனிகளில் உடுப்புக் காயும் மாடிவீடுகளுக்கு நடுவே அந்தச் சின்னக் கடையைக் கண்டுபிடித்தார். அகலமான இரும்புத் தாச்சியில் கணவாயும் இறாலும் போட்ட மஞ்சள் சோறு. சுற்றிவர அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்.

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன். வெள்ளியில் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை.

"இஞ்சேரும், ஒருநாள்தானே." என் முகத்தைப் பார்த்தார். "சரி, எனக்கும் வேண்டாம்" என்று எழும்பினார். பேக்கரியில் பாணும் பக்கத்துக் கடையில் தக்காளியும் வாங்கிப் பூங்காவில் சாப்பிட்டோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் சீயென்றிருக்கிறது.

போன மாதம், ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டில், என் கணவருடைய எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். மீன், ஆட்டிறைச்சி, ஒரு பியர்கூட வைத்தோம்.

"அத்தானுக்கு வேறென்ன விருப்பம்?" என்று தங்கச்சி கேட்டாள்.

அந்த மஞ்சள் சோறு என்று வாய்வரை வந்தது. அதன் ருசி எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.