ஜன்னலில் வைத்த வண்டுகள்

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் மகள் ஆராய்ச்சிக்காகக் கொடைக்கானல் மலைக்குப் போனதிலிருந்து, அவளுக்குக் குளிருமே என்றுதான் கவலை.

ஒருமுறை திண்டுக்கல் வீட்டுக்கு வந்தவள், மறுநாள் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டிய மலை வண்டுகளை டப்பாவோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, தோழியைப் பார்க்கப் போனாள். திறந்து பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. பதறிப்போய் வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். அவை மெல்ல நடக்கத் தொடங்கியதும் நிம்மதியாகச் சமைக்கப் போனேன். திரும்பி வந்தால் எல்லாம் மல்லாந்து கிடந்தன.

மகள் வந்து டப்பாவையே பார்த்தாள். "ஒரு மாசமா தேடிப் பிடிச்சதும்மா."

"குளிருமேன்னு நெனச்சேன்டி."

"அதுகளுக்குக் குளிர்தாம்மா வேணும். மலையில சூடு ஏற ஏற அதுக மேல மேல போகுதுக. உச்சிக்கு மேல எங்க போகும்?"

திட்டுவாள் என்று நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் இப்படித்தான மூணு ஸ்வெட்டர் குடுத்து விடுற" என்று சிரித்துவிட்டாள்.

மறுவாரமே மறுபடி தேட மலையேறினாள். இப்போதும் போனில், "அங்க குளிருதாடி?" என்றுதான் கேட்கிறேன். "நல்லா குளிருதும்மா" என்று அவள் சொன்னால், அன்றைக்கு மனசு லேசாகிவிடுகிறது.