எஞ்சினுக்குப் பின்னால் நின்ற படம்

எங்கள் ஊர்க் கீரிக் கடற்கரையில் களவுபோன என் படகு எஞ்சினைப் பொலிசார் பத்தே நாளில் கண்டுபிடித்துத் தந்தார்கள். கெட்டிக்காரர்கள்தான், மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் பொலிஸ் நிலையம் முகநூல் பக்கம் தொடங்கியதிலிருந்து, படம் எடுக்காமல் ஒரு பொருளையும் யாரிடமும் கொடுப்பதில்லை.

எஞ்சினை மேசையில் தூக்கி வைத்தார்கள். என்னை அதற்குப் பின்னால் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் இரண்டு உத்தியோகத்தர்கள். கையைக் கட்டச் சொன்னார்கள், மரியாதைக்குக் கட்டினேன். கஞ்சாவோடு பிடிபடுகிறவர்களும் அதே மேசைக்குப் பின்னால் அப்படித்தான் நிற்பார்கள் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. போதாக்குறைக்கு அன்று முகம்கூடச் சவரம் செய்யாமல் போயிருந்தேன்.

படத்தின் கீழே இருந்தது முழுக்கச் சிங்களம். எங்கள் ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. படம் பார்க்கத் தெரியாதவர் ஒருவருமில்லை.

மகளின் கலியாண அறிவித்தலை மாதா கோயில் பூசையில் ஒரு ஞாயிறு வாசித்திருந்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தது. கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சுவாமியிடம் சொல்லலாம் என்பது வழமை. யாரும் சுவாமியிடம் போகவில்லை. படத்தை நேரே நறுவிலிக்குளத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறிவித்தலைக் கொஞ்சம் தள்ளி வைப்போம் என்று மாப்பிள்ளையின் தகப்பன் போனில் சொன்னார். காரணம் சொல்லவில்லை. 

பொலிசுக்கு ஓடிப்போய்ப் படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். முகநூல் பக்கத்தைப் பார்க்கிற உத்தியோகத்தருக்கு மனம் வரவில்லை. வேறெந்தப் படத்துக்கும் இவ்வளவு லைக் விழவில்லையாம். கடைசியில், நான் எஞ்சினின் சொந்தக்காரன் என்று தமிழில் ஒரு வரி சேர்த்தார். அதற்கு முன்பே மகள் படத்தின் கீழே, இது என் அப்பா, எஞ்சின் எங்களுடையது என்று எழுதியிருந்தாள். பக்கத்திலிருந்து தானாகவே அவளுக்குப் பதில் வந்திருந்தது: தகவல் தந்ததற்கு நன்றி, உங்கள் பெயர் இரகசியமாகப் பேணப்படும்.

அடுத்த கிழமை மாப்பிள்ளையும் தகப்பனும் வீட்டுக்கு வந்தார்கள். பிழை விளங்கிவிட்டதாம். வாற ஞாயிறே அறிவித்தலை வாசிப்பிக்கலாமாம். நான் தலையாட்டத்தான் இருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த மகள் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்:

"படத்தைப் பாத்த உடன என்னட்ட ஒருக்கா போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். நீங்கள் கேக்கேல்லை. இனி வாசிக்க வேண்டாமெண்டு சுவாமியிட்ட நானே சொல்லிப்போட்டன்."

 வந்தவர்களை, ஆற முன்னம் தேத்தண்ணியைக் குடிக்கச் சொன்னேன்.